மெயில்பாக்ஸ் ஃபுல் ஆகிட்டே இருக்கு, எந்த சாஃப்ட்வேர் போடலாம்?

கேள்வி: எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். ஆர்ட்வொர்க், சாம்பிள் போட்டோ எல்லாமே மெயில்லதான் வருது. கம்பெனி மெயில்ல ஒருத்தருக்கு 2 ஜிபிதான் இடம். அடிக்கடி ஃபுல் ஆகி பையர் அனுப்புற மெயில் திரும்பிப் போயிடுது. நாளைக்கு பையர் நஷ்டஈடு கேட்டு கிளெய்ம்னு வந்தா காட்டணுமேனு பழசை அழிக்கவும் பயமா இருக்கு. அவுட்லுக் நல்லதா, தண்டர்பேர்டா?
- வாசகி, திருப்பூர்

பதில்: சாஃப்ட்வேரை அப்புறம் பாக்கலாம், முதல்ல உங்க அக்கவுண்ட் பாப்-ல (POP) இருக்கா ஐமேப்-ல (IMAP) இருக்கானு செட்டிங்ஸ்ல பாருங்க, சர்வர்ல இருந்து மெயிலை எடுக்குற ரெண்டு முறை இது. பாப்-னா மெயில் உங்க கம்ப்யூட்டர்ல இறங்கிடும், சர்வர்லயும் ஒரு காப்பி இருக்கட்டும்னு டிக் போட்டிருந்தா அங்கயும் இடம் அடைக்கும். ஐமேப்-னா மெயில் சர்வர்லயேதான் இருக்கும், போன்ல படிச்சாலும் ஆபீஸ்ல படிச்சாலும் ஒரே மெயில்பாக்ஸ். ஃபேக்டரிக்கும் ஆபீஸுக்கும் அலையுற வேலைக்கு ஐமேப்தான் சரி.

ஆபீஸ் முழுக்க மைக்ரோசாஃப்ட் 365, மீட்டிங் காலண்டர்னு ஓடுதுன்னா அவுட்லுக்லயே இருங்க. இல்லேன்னா தண்டர்பேர்ட் போதும், காசு கிடையாது, உங்களுக்கு நான் சொல்றது அதுதான்.

ஆனா எதைப் போட்டாலும் அந்த 2 ஜிபி அதிகமாகப் போறதில்லை. இடத்தைத் தின்றது இன்பாக்ஸ் மட்டும்னு நினைக்காதீங்க, சென்ட் ஃபோல்டரைத் திறந்து சைஸ் வாரியா சார்ட் பண்ணிப் பாருங்க. மெயில்ல போகும்போது அட்டாச்மெண்ட் மூணுல ஒரு பங்கு பெருத்துடும், 15 எம்பி ஆர்ட்வொர்க் கிட்டத்தட்ட 20 எம்பி ஆகும். அதை டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரினு மூணு பேருக்கு தனித்தனியா ஃபார்வர்ட் பண்ணா சென்ட்ல மட்டும் 60 எம்பி, வந்த மெயிலோட சேர்த்து 80. ஒரே மெயிலா மூணு பேரையும் பிசிசில போட்டு அனுப்புங்க, ஒருத்தர் அட்ரஸ் இன்னொருத்தருக்குத் தெரியாது, சென்ட்லயும் ஒரு காப்பிதான் நிக்கும். டிராஷையும் காலி பண்ணுங்க, பெரும்பாலான சர்வர்ல அதுவும் கணக்குல சேரும்.

பழசை அழிக்க வேண்டாம். ஷிப்மெண்ட் முடிஞ்ச ஆர்டரை எல்லாம் தண்டர்பேர்ட்ல லோக்கல் ஃபோல்டர்ஸ்னு இருக்கும் பாருங்க, அங்க பையர் பேர்லயும் சீசன் பேர்லயும் ஃபோல்டர் போட்டு மூவ் பண்ணுங்க, சர்வர்ல இடம் கிடைச்சிடும். ஆனா அப்புறம் அந்த மெயில் உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கும், ஹார்ட் டிஸ்க் போனா எல்லாமே போச்சு. அதனால தண்டர்பேர்டை மூடிட்டு, அந்த மெயில் எல்லாம் சேமிச்சிருக்குற புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுங்க, அந்த டிஸ்க் ஆபீஸ்லயே இருக்கட்டும், மெயில் கம்பெனியோடது, ஐடி ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

அவுட்லுக்லயே இருக்கப் போறீங்கன்னா, கிளாசிக் அவுட்லுக்ல ஆட்டோ ஆர்க்கைவ் பண்ற பழைய மெயில் உங்க கம்ப்யூட்டர்ல பிஎஸ்டி (.pst)ங்கிற ஃபைல்ல சேரும். 2010 வெர்ஷன்ல இருந்து அதோட லிமிட் 50 ஜிபி, இடம் தாராளம். அந்த ஃபைலை ஆபீஸ் சர்வர்ல ஷேர் போட்டு அங்கிருந்தே திறக்காதீங்க, கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு, மைக்ரோசாஃப்டே வேண்டாம்னுதான் சொல்றாங்க.