ஆறு, சாக்கடை, செப்டிக் டேங்க்: பிளான்ட் ஆபரேட்டர் பதில்கள்

சின்ன ஊர் ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 18 வருடம் ஆபரேட்டராக இருந்தேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

தாமிரபரணிக் கரைக்காரர்: எங்க துறையில தண்ணி பளிங்கு மாதிரி ஓடுது சார். அப்புறமும் ஏன் குளிக்காதேங்கிறாங்க?

மலக்கிருமி கண்ணுக்குத் தெரியாது தம்பி. குளிக்கிற துறைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவு வைத்திருக்கிறது. லிட்டருக்கு ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஓடி என்கிற அழுக்கு அளவு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மலக் கோலிஃபார்ம் என்ற மலக்கிருமியின் எண்ணிக்கை 100 மில்லியில் 500-க்குள் இருந்தால் நல்லது, 2500 உச்ச வரம்பு. பளிங்கு மாதிரி இருப்பதற்கு இதில் மதிப்பெண் கிடையாது.

கல்லூரி மாணவி: பிஓடின்னா என்ன சார்? புத்தகத்துல படிச்சும் பிடிபடல.

அழுக்கைத் தின்னும் பாக்டீரியா மூச்சுவிட எவ்வளவு ஆக்சிஜன் கேட்கும் என்பதுதான் பிஓடி. நம் ஊர் லேபில் 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளப்பார்கள். கணக்காகப் பாரும்மா, பிடிபடும். 30 டிகிரி வெயிலில் ஆற்று நீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தாங்கும். செப்டிக் டேங்க் கசடின் பிஓடி ஆயிரக்கணக்கில் போகும், லிட்டருக்கு 3000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள். 5000 லிட்டர் லாரி ஒன்றை இரவில் பாலத்தடியில் திறந்துவிட்டால் அது கேட்பது 15 கிலோ ஆக்சிஜன். 20 லட்சம் லிட்டர் ஆற்று நீரில் இருக்கும் மொத்த ஆக்சிஜனும் அதற்கே சரியாகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்குப் பிளான்டைவிட லாரியைப் பற்றித்தான் கவலை அதிகம்.

மீன் பிடிப்பவர்: விடியக்காலையில மீன் செத்து மிதக்குது. பத்து மணிக்கு வந்து தண்ணி எடுத்தவங்க எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்க.

நீங்கள் சொல்வதும் சரி, அவர்கள் அளந்ததும் சரியாக இருக்கலாம் அண்ணே. பாசி பகலில் வெயிலில் ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவே ஆக்சிஜனை இழுக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். வெயில் ஏறினால் மறுபடி கூடிவிடும். காலை 5 மணிக்கு மாதிரி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பிளான்ட் நன்றாக ஓடினாலும் கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் முழுக்கப் போகாது, பாசிக்கு அதுதான் உரம்.

பேரூராட்சி உறுப்பினர்: எங்க பிளான்ட் தொட்டி கருப்பாகி நாத்தம் அடிக்குது. மருந்து எதுவும் போடணுமா?

மருந்து வேண்டாம், தொட்டிக்குள் காற்று ஊதும் ப்ளோயர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். நல்ல ஏரேஷன் தொட்டி காப்பி நிறத்தில், மழை பெய்த மண் வாசத்தோடு இருக்கும். காற்று நின்றால் கருக்கும். மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, டீசலுக்குப் பணம் ஒதுக்கவில்லை என்றால் தொட்டியில் அழுக்கைத் தின்னும் பாக்டீரியா என்ன செய்யும்? தினமும் ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டி நீரை எடுத்து அரை மணி நேரம் வையுங்கள். கசடு அடியில் படிந்து மேலே தெளிந்தால் தொட்டி பிழைத்துவிடும்.

இல்லத்தரசி: கழிப்பறைக்கு தினமும் பிளீச்சிங் பவுடர் போடலாமா?

வேண்டாம்மா. செப்டிக் டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவும் சாகும். 2, 3 வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்துக் கசடை எடுத்தால் போதும். ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள், விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றம்.

கழிவுநீர் லாரி ஓட்டுநர்: கொட்டுற இடம் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கு சார். ஒரு லோடுக்கு வாங்குற காசு டீசலுக்கே போயிடுது. நாங்க என்ன செய்ய?

தப்பு உங்கள் மீது மட்டும் இல்லை. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி பேரூராட்சியில் கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள், பக்கத்து மதுராந்தகத்துக் கசடும் அங்கே வருகிறது. படுகையில் காயவிட்டு, வடிகிற நீரைத் தனியாகச் சுத்தம் செய்கிறார்கள். பெரிய யந்திரம் தேவையில்லை. கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015-லேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. உங்கள் பக்கத்து நாலு ஊர் லாரிக்காரர்களும் சேர்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை லோடு, எந்த ஊர் என்று ஒரு மாதம் நோட்டில் குறித்து வையுங்கள். நிலையம் எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முடிவுசெய்ய இன்ஜினியர் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான். நோட்டு தயாரானதும் சொல்லுங்கள், மனு எழுத நான் கூட உட்காருகிறேன்.