மேடைக்கு டிஜிட்டல் கிட்டார் ஆம்ப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ‘எந்தப் பெட்டியை வாங்கலாம்’ என்றே தொடங்குகின்றன. ஆனால் அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, கிட்டாரின் ஒலி எந்த ஸ்பீக்கர் வழியாக அரங்கத்துக்கும் வாசிப்பவரின் காதுக்கும் போகப்போகிறது என்பதுதான். கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த ஓர் இடத்துக்கே திரும்பி வரும்.

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று மேடைகள் கிடைக்கின்றன. இப்போது சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றும் சில பெடல்களும் வைத்திருக்கிறேன். டிஜிட்டலுக்கு மாறுவதானால் ஆம்ப் வாங்குவதா, தரையில் வைக்கும் மாடலர் வாங்குவதா?

உங்களுக்குத் தரையில் வைக்கும் மாடலரே (ஆம்ப், ஸ்பீக்கர், பெடல்கள் ஆகியவற்றின் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் பெட்டி) பொருந்தும். மெல்லிசை மேடையில் ஒரு பாட்டுக்குச் சுத்தமான ஒலியும் அடுத்த பாட்டுக்குக் கனமான டிஸ்டார்ஷனும் தேவைப்படுகின்றன. இடையில் கிடைப்பது அறிவிப்பாளர் பேசும் சில வினாடிகள் மட்டுமே. தவிர, ஆம்ப்புக்கு முன்னால் மைக் வைத்தால் பக்கத்தில் இருக்கும் டிரம்ஸும் ரிதம் பேடின் மானிட்டரும் அதே மைக்குக்குள் நுழைந்துவிடுகின்றன. மாடலரிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிள் (மைக்குக்குப் பயன்படும் மூன்று முனைக் கேபிள்) வழியாக நேரே மிக்ஸருக்குப் போனால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

வாங்கும்போது அதில் எத்தனை ஆம்ப் மாதிரிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எக்ஸ்எல்ஆர் அவுட்புட் இருக்கிறதா, அரங்கத்துக்குப் போகும் ஒலியளவை மாற்றாமல் உங்கள் மானிட்டரின் ஒலியளவை மட்டும் கூட்டிக் குறைக்க முடியுமா, காலால் அழுத்தும் சுவிட்சுகள் போதுமான இடைவெளியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பிரீசெட்டுக்குள் (சேமித்துவைத்த ஒலி அமைப்புக்குள்) ஒலியை மாற்றும் வசதி இருக்கிறதா என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் அதை ‘ஸ்னாப்ஷாட்’ என்றும் ஃப்ராக்டல் ஆடியோ கருவிகள் ‘சீன்’ என்றும் அழைக்கின்றன. பிரீசெட்டையே மாற்றும்போது பல மாடலர்களில் ஒரு கணம் ஒலி அறுபடும். ஸ்னாப்ஷாட்டில் அப்படி அறுபடுவதில்லை, டிலேயின் வாலும் (எதிரொலியின் கடைசிப் பகுதியும்) இயல்பாக ஓய்ந்து முடியும். பல்லவியிலிருந்து இடையிசைக்குத் தாவும் இடங்களில் இந்த வேறுபாடு எல்லோர் காதிலும் விழும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் மாடலரிலேயே போட்டுவிடாமல் ஒரு பகுதியை உங்களுக்கென்று ஒரு சிறிய மானிட்டர் ஸ்பீக்கருக்கோ இயர் மானிட்டருக்கோ ஒதுக்குங்கள். பாடகர்களுக்காக வைத்த மானிட்டரில் கிட்டாரைக் கேட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பெரும்பாலான மேடைகளில் பொய்த்துப்போகிறது. நூறு பேர் அமரும் சிறிய கூடத்தில், பாடகருக்கு மட்டுமே ஒலிபெருக்கி இருக்கும் இடங்களில், பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா போன்ற டிஜிட்டல் ஆம்ப்பே போதும். 2019-இல் வந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் வரிசையும் அத்தகையதே: அதன் டீலக்ஸ் ரிவெர்ப் சுமார் 10 கிலோ எடையுடையது, அதே பெயரில் உள்ள வால்வு ஆம்ப்போ ஏறக்குறைய 19 கிலோ.

கேள்வி: வீட்டில் பல நாள் உட்கார்ந்து உருவாக்கிய பிரீசெட், மேடையில் ஒலிக்கும்போது அடியில் கும்மென்று இரைகிறது, மேலே காதைக் குத்துகிறது, பாட்டின் நடுவில் காணாமலும் போகிறது. மாடலரில் ஏதாவது கோளாறா?

கோளாறு கருவியில் இல்லை. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டியபடி, ஒலியளவு குறைவாக இருக்கும்போது நம் காது அடி ஒலியையும் உச்ச ஒலியையும் நடு ஒலியைவிடக் குறைவாகவே உணர்கிறது. ஆகவே வீட்டில் மெல்லிய ஒலியில் வாசிக்கும்போது பாஸையும் டிரெபிளையும் நம்மை அறியாமலே கூட்டிவைக்கிறோம், நடு அலைவரிசையைக் குறைத்துவைக்கிறோம். மேடையின் ஒலியளவில் காது இயல்புக்குத் திரும்பும்போது, கூட்டிவைத்த இரண்டும் மிகையாகக் கேட்கின்றன. கிட்டார் உண்மையில் வாழும் இடமான நடு அலைவரிசை, கீபோர்டுக்கும் குரலுக்கும் அடியில் புதைந்துவிடுகிறது.

இதற்கு ஒரே உண்மையான மருந்து, மேடையில் ஒலிக்கும் அளவிலேயே, முடிந்தால் குழுவினர் கூட வாசிக்கும்போதே, பிரீசெட்டை அமைப்பதாகும். ஒத்திகைக் கூடத்தில் ஒரு மணி நேரம் இதற்கென்று கேளுங்கள். அது ஹெட்ஃபோனில் செலவழிக்கும் ஒரு வாரத்துக்கு ஈடாகும். அது வாய்க்காவிட்டால், மாடலரின் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) பகுதியில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும் 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையும் வெட்டிவிடுங்கள். கிட்டாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்பதால் கீழே வெட்டுவதில் பெரிய இழப்பில்லை. பாஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் அந்த இடம் கிடைக்கிறது. டிஸ்டார்ஷனின் கெயினை (கரகரப்பின் அளவை) வீட்டில் வைத்ததைவிடக் குறையுங்கள், ரிவெர்ப்பைப் பாதியாக்குங்கள்; கல்யாண மண்டபத்தின் சுவர்களே வேண்டிய அளவு எதிரொலியைத் தந்துவிடும். தனி வாசிப்புக்கான ஒலியில் 3 டெசிபெல் அளவு கூடுதலும், ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய நடு அலைவரிசையில் சிறிய ஏற்றமும் இருந்தால் மிக்ஸரில் இருப்பவரின் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

ஸ்டீரியோவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல மேடைகளில் இடமும் வலமும் ஒன்றாகக் கலக்கப்பட்டே ஸ்பீக்கருக்குப் போகின்றன. ஹெட்ஃபோனில் பரந்து விரிந்த கோரஸ், அப்படிக் கலக்கும்போது தன்னைத் தானே அழித்துக்கொண்டு மெலிந்து ஒலிக்கும். ஒலி அமைப்பாளர் ஸ்டீரியோ என்று உறுதி சொல்லாதவரை மோனோவிலேயே அமையுங்கள்.

கேள்வி: மாடலரை எஃப்ஆர்எஃப்ஆர் ஸ்பீக்கரில் இணைப்பது நல்லதா, பவர் ஆம்ப் வைத்துச் சாதாரண கிட்டார் கேபினெட்டில் இணைப்பது நல்லதா?

12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஓய்ந்துவிடும். நாம் கிட்டார் ஒலி என்று பழகியிருப்பதே அந்த ஸ்பீக்கரின் குறுகிய எல்லையால் உருவானது. எஃப்ஆர்எஃப்ஆர் (முழு அலைவரிசையையும் சீராகத் தரும்) ஸ்பீக்கரோ வருவதை மாற்றாமல் தர முயல்வதால், கேபினெட்டின் தன்மையை மாடலருக்குள்ளேயே ஐஆர் கோப்பு (ஸ்பீக்கர் ஒலிக்கும் விதத்தைப் பதிவுசெய்த கோப்பு) மூலம் சேர்க்க வேண்டும். அரங்கத்துக்குப் போகும் ஒலியை அப்படியே மேடையிலும் கேட்க விரும்பினால் எஃப்ஆர்எஃப்ஆர். முதுகுக்குப் பின்னால் ஆம்ப் நிற்கும் உணர்வு வேண்டுமென்றால் கேபினெட்.

கேபினெட்டைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் போகும் அவுட்புட்டில் மட்டும் ஐஆரை நிறுத்திவிட்டு, மிக்ஸருக்குப் போகும் எக்ஸ்எல்ஆரில் அதை இருக்கவிடுங்கள். இரண்டையும் இயக்கினால் ஒரு ஸ்பீக்கரின் ஒலியை இன்னொரு ஸ்பீக்கர் வடிகட்டும், ஒலி போர்வைக்குள் இருப்பதுபோல் மங்கும். மிக்ஸருக்குப் போகும் வழியில் ஐஆர் இல்லாவிட்டாலோ டிஸ்டார்ஷன் தேனீக் கூட்டம்போல் கரகரக்கும். ‘மாடலர் ஒலியே பிடிக்கவில்லை’ என்று எழுதும் பலரின் குறை இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது.

கேள்வி: கெம்பர், டோனெக்ஸ் போன்றவை உண்மையான ஆம்ப்பைப் படியெடுக்கின்றன என்கிறார்கள். அப்படியானால் அவைதானே மேல்?

அவை ஒரு குறிப்பிட்ட ஆம்ப் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் எப்படி ஒலித்ததோ அதை மிக நெருக்கமாகப் பிடிக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலரும் இவ்வகையே. ஆனால் படியெடுத்த பிறகு கெயினை வெகுவாகத் திருப்பினால், அசல் ஆம்ப் அந்த இடத்தில் ஒலித்திருக்கக்கூடியது போலவே படியும் ஒலிக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஹீலிக்ஸ், ஃப்ராக்டல் போன்றவை ஆம்ப்பின் மின்சுற்றையே கணக்கிட்டு உருவாக்குவதால் குமிழ்கள் அசலைப் போல நடந்துகொள்கின்றன. உங்களுக்கு மூன்று நான்கு உறுதியான ஒலிகள் போதுமென்றால் படியெடுப்பவை. மண்டபத்துக்கு மண்டபம் திருத்திக்கொண்டே இருப்பவர் என்றால் மாடலிங். கேட்பவர்களுக்கு இந்த வேறுபாடு எட்டுவதே அரிது என்பதால், உங்கள் காலுக்கும் கைக்கும் எது எளிதாக இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஜிட்டலில் தாமதம் இருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.

ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகிறது. இன்றைய நல்ல மாடலரின் தாமதமும் அந்த அளவிலேயே இருப்பதால், ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. டிஜிட்டல் வயர்லெஸ், டிஜிட்டல் மிக்ஸர், வயர்லெஸ் இயர் மானிட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் கூட்டுத்தொகை விரல்களுக்குத் தெரியத் தொடங்கும். அப்போது முதலில் கிட்டாரின் வயர்லெஸை விட்டுவிட்டுக் கேபிளுக்குத் திரும்புங்கள்.

கேள்வி: தேவாலயத்தில் பிக்கப் உள்ள அக்கௌஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். அதற்கும் இதே மாடலர் ஆகுமா?

ஆகும். ஆம்ப் மாதிரியையும் எலக்ட்ரிக் கேபினெட்டின் ஐஆரையும் நீக்கிவிட்டு, அக்கௌஸ்டிக் கிட்டாரின் உடலைப் பதிவுசெய்த ஐஆரைப் பாதி அளவுக்குக் கலந்தால் பீசோ பிக்கப்பின் பிளாஸ்டிக் தன்மை தணியும்.

கேள்வி: ஜெனரேட்டருக்கு மாறும்போது மாடலர் அணைந்து மீண்டும் தொடங்குகிறது. பாட்டின் நடுவில் இப்படி ஆனால் என்ன செய்வது?

வால்வு ஆம்ப் ஒரு கண மின்வெட்டைப் பெரும்பாலும் தாங்கிவிடும். மாடலர் ஒரு கணினி என்பதால் அது முழுவதுமாக மீண்டும் தொடங்க வேண்டும், சில மாடலர்களில் இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். தரையில் வைக்கும் மாடலர்கள் பெரும்பாலானவற்றின் மின்தேவை 100 வாட்டுக்கும் குறைவு என்பதால், கணினிக்குப் பயன்படும் 600 விஏ யூபிஎஸ் போதுமானது. அதில் மாடலரை மட்டும் இணையுங்கள், பவர் ஆம்ப்பை இணைக்க வேண்டாம். மலிவான யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தரும் மின்சாரம் சீரான அலையாக இருக்காது. அதனால் இரைச்சல் வருகிறதா என்று வீட்டிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஹம் எனும் மின் ரீங்காரம் வருகிறது என்பதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைப்பதோ இரண்டு முனை அடாப்டரில் செருகுவதோ கூடவே கூடாது. தந்தியைத் தொட்டுக்கொண்டே வாய் மைக்கில் படும்போது உயிருக்கே ஆபத்தாகலாம். மாடலரிலோ டிஐ பாக்ஸிலோ (கருவியின் ஒலியை நேரே மிக்ஸருக்கு அனுப்ப உதவும் பெட்டி) உள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச் ஒலிக் கேபிளின் கிரவுண்டை மட்டுமே துண்டிக்கிறது. ஹம்மை நீக்க அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: டொராண்டோவில் வாங்கிய கருவியை யாழ்ப்பாணத்தில் ஒரு நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகிறேன். அப்படியே செருகலாமா?

கருவியின் பின்புறத்திலோ அடாப்டரிலோ 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் இலங்கையின் 230 வோல்ட்டில் செருகிய உடனே எரிந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸை 50 ஆக்குவதில்லை என்பதால், வால்வு ஆம்ப்பாக இருந்தால் அதை எடுத்துச் செல்லாமல் அங்கேயே ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. பிரீசெட்டுகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், புறப்படும் வாரத்தில் மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள். கேபினெட் ஒலியும் டிஐ அவுட்புட்டும் சேர்ந்த சிறிய பெடல் ஒன்றைப் பையின் ஓரத்தில் வைத்துக்கொண்டால், மாடலர் நின்றுபோனாலும் நிகழ்ச்சியை முடித்துவிடலாம்.