அரிச்சல்முனைக்கு அம்மாவோடு

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு 63 வயது. அவருடைய அப்பா போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறியவர். 1964 புயலுக்கு முந்தைய அந்த ஊரைப் பற்றிக் கேட்டே வளர்ந்த அம்மா, ‘ஒரு தடவையாவது கடல் ஓரமாவே அங்க வரைக்கும் போகணும்டி’ என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு 36. என்னிடம் 2018 மாடல் சின்ன கார் இருக்கிறது, நான்தான் ஓட்டுவேன். தாம்பரத்தில் கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தனுஷ்கோடி, பிறகு கன்னியாகுமரி, திரும்பி வீடு என நான்கு நாளில் முடிக்கத் திட்டம். அம்மாவுக்கு முட்டிவலி, பி.பி., சுகர் உண்டு. இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ‘ஆம்பளத் துணை இல்லாம எப்படி?’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். முடியுமா?

வாசகி, தாம்பரம்

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். நான்கு நாளில் முடியாது, ஏழு நாள் வேண்டும். கன்னியாகுமரியை எடுத்துவிடுங்கள். அம்மா கேட்டது தனுஷ்கோடி. குமரியை இத்தனை வருடத்தில் அவர் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

முதல் நாள் புதுச்சேரியோடு நிறுத்துங்கள். இரண்டாம் நாள் சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி. மூன்றாம் நாள் வேதாரண்யம் போய், உப்பளங்களைப் பார்த்துவிட்டு (1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த இடம் அது) முத்துப்பேட்டை வழியாகப் பட்டுக்கோட்டையில் தங்கலாம். கடற்கரையை விட்டு உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் வேளாங்கண்ணிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே நல்ல அறையும் ஆஸ்பத்திரியும் உள்ள ஊரில் இரவைக் கழிப்பது அம்மாவுக்கு நல்லது. நான்காம் நாள் மனோரா, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமேஸ்வரம். ஐந்தாம் நாள் தனுஷ்கோடிக்கு மட்டும். திரும்பும்போது கடற்கரை வேண்டாம். காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி, அங்கே ஓர் இரவு, மறுநாள் நான்கு வழிச்சாலையில் வீடு. மொத்தம் ஏறக்குறைய 1,200 கி.மீ. லிட்டருக்கு 16 கொடுக்கும் வண்டி என்றால் 75 லிட்டர் பெட்ரோல்.

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, மார்ச் வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள். தை அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்த மாதங்களில் டெல்டாவில் அறுவடை நடக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். பகலில் தெரியும், இருட்டில் தெரியாது. சூடான தார் ரோட்டில் மாடுகள் வந்து படுத்துக்கொள்வதும் இருட்டிய பிறகுதான். ஆகவே மாலை ஐந்து மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கே நிறுத்திவிடுங்கள். துணைக்கு யார் வந்தாலும் இந்த விதி மாறாது.

இனி அம்மா. இந்தப் பயணத்தில் தவறு நடந்தால் பெரும்பாலும் தண்ணீரில்தான் நடக்கும். நம் அம்மாக்கள் வெளியூர் கிளம்பினால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். சுகரும் பி.பி. மாத்திரையும் உள்ளவர் வெயிலில் தண்ணீர் குறைத்தால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும், இரண்டாம் நாளே நீர்க்கடுப்பு வரும். ‘பாத்ரூம் போகணுமாம்மா?’ என்று கேட்காதீர்கள். ‘வேண்டாம்’ என்றுதான் பதில் வரும். ‘எனக்குப் போகணும்மா, இறங்கலாம்’ என்று நீங்கள் சொல்லுங்கள், அவரும் கூட வருவார். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, அவசியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து நிமிடம் நிறுத்தி நடக்கவையுங்கள். பங்க், ஊருக்குள் இருக்கும் ஓட்டல் இரண்டையும் நம்பலாம். முட்டிவலிக்காரர் இந்தியன் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாது. மடக்கி வைக்கும் கமோடு ஸ்டூல் மெடிக்கல் சாமான் கடைகளில் கிடைக்கும். ஒன்று வாங்கி டிக்கியில் போடுங்கள், கூடவே ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர், ஒரு மக், சோப்பு. மீமிசலிலிருந்து தேவிபட்டினம் வரை இது உங்களுக்கு ஏசியைவிடப் பெரிய வசதி. அறை பதிவு செய்யும்போது மூன்றே கேள்வி: கீழ்த்தளமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு?

சின்ன காரின் சீட் தாழ்வு. ஒற்றைக் காலை முதலில் உள்ளே வைத்து ஏறினால் முழு எடையும் வலிக்கிற முட்டியில் இறங்கும். வெளியே பார்த்தபடி முதலில் சீட்டில் உட்காரட்டும், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பட்டும். சீட்டின் மேல் ஒரு பட்டுத்துணிப் பை விரித்தால் வழுக்கித் திரும்புவது சுலபம். கிளம்பியதும் அதை எடுத்துவிடுங்கள், பிரேக் போட்டால் ஆளே வழுக்குவார். சீட் பெல்ட் கழுத்தை உரசுகிறது, புடவை கசங்குகிறது என்று மேல்பட்டையைக் கக்கத்துக்குக் கீழே விட்டுக்கொள்வார்கள். மோதினால் அந்தப் பட்டையே விலா எலும்பை உடைக்கும். கதவுத் தூணில் பெல்ட்டின் உயரத்தை மாற்றும் பிடி இருந்தால் ஒரு படி இறக்குங்கள். முந்தானையை பெல்ட்டுக்கு மேலே எடுத்து விடச் சொல்லுங்கள். கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். இரவில் அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்திப் பாருங்கள். குழி அப்படியே நின்றால் மறுநாள் தூரத்தைக் குறையுங்கள், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா 30 டிகிரிக்குக் கீழே பொதுவாக நான்கு வாரம் தாங்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அறையில் ஒரு மதியம்கூடத் தாங்காது. கைப்பையிலேயே வைத்து உங்களோடு எடுத்துப் போங்கள். ஐஸ்மேல் நேராக வைத்து உறைந்துபோனாலும் அது வீண். சாப்பாட்டு நேரம் வீட்டில் எப்படியோ அப்படியே இருக்கட்டும். வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து சுகர் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

வண்டியில் முதலில் டயர். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3718 என்றால் 2018-இன் 37-ஆவது வாரம் செய்தது. நீங்கள் வாங்கியபோது வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால், பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் உள்ளே இறுகி விரிசல் விட்டிருக்கும். வெயிலும் வேகமும் சேரும்போது வெடிக்கும். காற்றைக் காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணின் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, வீட்டு வாசலில் ஒரு சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டுங்கள். கடையில் மிஷின் வைத்து முறுக்கிய நட்டு, வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனருக்கு அசையாது. பல பேர் நடுரோட்டில் தோற்பது இங்கேதான். கிராஸ் ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். ஹேண்ட்பிரேக், முதல் கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி. தூக்கிய பிறகு முறுக்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, சக்கரம் தரையில் இறங்கியதும் இறுதி முறுக்கு. ஐம்பது கி.மீ. ஓடியபின் இன்னொரு தடவை. ‘ஆம்பளத் துணை’ என்று சொல்கிறவர்கள் முன்னாலேயே இதைச் செய்துகாட்டுங்கள். லொகேஷனை இரண்டு பேருக்குப் பகிருங்கள். போலீஸுக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033.

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். எல்லோரும் நிறுத்துவார்கள், பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடமில்லை. மெதுவாக ஓட்டினாலே 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலமும், செங்குத்தாக மேலே ஏறும் அதன் நடுப்பகுதியும் அம்மாவுக்குத் தெரியும். ராமேஸ்வரம் கோயிலுக்குள் போன் கிடையாது. பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். 22 தீர்த்தமும் ஆட வேண்டுமென்றால் கல்தரை முழுக்க ஈரமாக இருக்கும் என்பது நினைவிருக்கட்டும். அவர் கையை விடாதீர்கள், அவசரப்படுத்தும் கூட்டத்தை முன்னால் போகவிடுங்கள்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போங்கள். மாலையில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். ரோடு முடியும் அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு, ஆனால் காற்று மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டே இருக்கும். போட்டோவுக்காக ஓரமாக இறக்கினால் சக்கரம் புதையும். புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் இறங்கும். இன்ஜின் இழுக்கும் முன்சக்கரங்களைச் சுற்றி மணலைத் தோண்டி, காருக்குள் காலடியில் போடும் விரிப்புகளைச் செருகி, அந்த டயர்களில் 18–20 பி.எஸ்.ஐ. வரை காற்றை இறக்கி, இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள். மறுபடி காற்றடிக்கும்வரை வேகம் கூடாது. காற்றடிக்கும் சிறு பம்ப், காரின் சாக்கெட்டில் செருகும் வகை, கூட இருக்கட்டும். ராமேஸ்வரம் திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், உப்பு தின்றுவிடும்.

அங்கே போனதும் ரோடு முடியும் இடத்துக்கே விரையாமல், போகும் வழியில் பழைய ரயில் நிலையத்தின் இடிபாடுகளில் முதலில் நிறுத்துங்கள். தாத்தா வந்து இறங்கிய ஊர் அது. மடக்கு நாற்காலியும் குடையும் கொண்டுபோங்கள். எவ்வளவு நேரம் உட்காருவது என்பதை அன்று அம்மா முடிவு செய்யட்டும். ஐந்தாம் நாளில் வேறு எந்த ஊரையும் நான் சேர்க்காதது இதற்காகத்தான்.

டயரின் நான்கு இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.