புத்தாண்டுத் தீர்மானம் எடுப்பதே வீண் வேலையா? எடுத்து நிறைவேற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருக்கிறேன். ஒரே ஒரு தீர்மானம் எடுத்து அதை ஒரு வருடம் முழுக்கக் காப்பாற்றியவன் நான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போக மனம் வரவில்லை. பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

வருடா வருடம் ஏழெட்டுத் தீர்மானம் எழுதுவதாகவும், பிப்ரவரிக்குள் எல்லாம் நின்றுவிடுவதாகவும், வீட்டில் சிரிக்கிறார்கள் என்பதால் இந்த முறை எழுதாமலே விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாத ஒன்றை நானாக ஊகிக்கிறேன். நின்றுபோனதைவிட அந்தச் சிரிப்புதான் உங்களை அதிகம் வாட்டுகிறது. ஊகம் தவறென்றால் விட்டுவிடுங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

வீணா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீண் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸும் அவருடைய சகாக்களும் 2002ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏதோ ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்தவர்களை எடுத்துக்கொண்டு, புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் விடாமல் தொடர்ந்திருந்தார்கள். எடுக்காதவர்களில் வெறும் 4 சதவீதம். தீர்மானம் எடுத்தவர்களிலும் பாதிக்கு மேல் விட்டுவிட்டார்கள் என்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் சிரிப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டியது அந்த 4ஐப் பற்றி.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எனக்குத் திக்குவாய். சிறு வயதில் ஆரம்பித்தது, இன்னும் இருக்கிறது. பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பதற்றம் மாதிரியோ தன்னம்பிக்கைக் குறைவு மாதிரியோ தெரியும். அப்படி இல்லை. பாடும்போது எனக்குத் திக்காது. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் திக்காது. சொந்தப் பெயரைச் சொல்லச் சொன்னால் மட்டும் தொண்டை பூட்டிக்கொள்ளும். மற்ற சொல் என்றால் கடைசி நொடியில் வேறு ஒன்றை மாற்றிப் போட்டுத் தப்பித்துவிடலாம். பெயரை எப்படி மாற்றுவது?

பள்ளிக்கூட நாளிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நோட்டின் முதல் பக்கத்தில் 'இந்த வருடம் திக்காமல் பேசுவேன்' என்று எழுதுவேன். வேலைக்குப் போன பிறகும் எழுதினேன். விடுமுறை முடிந்து முதல் நாள் யாராவது 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டு, 'நல்லா' என்பதில் நான் நின்றுபோகும்போது அந்த வருடத்துத் தீர்மானம் முடிந்துவிடும். அப்படி எழுதியதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. திக்குகிற எந்தப் பிள்ளையும் அதைத்தான் எழுதும்.

பிறகு ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். அவர் அந்த வரியைப் படித்துவிட்டு, 'இதில் உங்கள் கையில் இருப்பது எது?' என்று கேட்டார். திக்குவது என் கையில் இல்லை. வாயைத் திறப்பது என் கையில் இருக்கிறது. அன்றைக்கே இரண்டு பேருமாக உட்கார்ந்து வரியை மாற்றினோம்: 'வாராந்திர மீட்டிங்கில் ஒரு தடவையாவது பேசுவேன். திக்கினாலும் பேசுவேன்.'

எழுதும்போது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. நடைமுறையில் எல்லாமே மாறியது. முந்தைய வரிப்படி ஒரு முறை திக்கினாலே தோல்வி. புதிய வரிப்படி திக்கித் திக்கிப் பேசி முடித்தாலும் வெற்றி. இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் இல்லை. ஸ்வீடனில் 1066 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2020ல் வெளியானது. ஒன்றைச் செய்யப் போகிறேன் என்று தீர்மானித்தவர்களில் 58.9 சதவீதம் பேர் வெற்றி என்றார்கள். ஒன்றைச் செய்யாமல் விடப் போகிறேன் என்று தீர்மானித்தவர்களில் 47.1 சதவீதம். அவரவர் சொன்னதை வைத்துப் போட்ட கணக்குதான், அதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் உங்கள் ஏழெட்டில் எத்தனை வரி 'மாட்டேன்' என்று முடிகிறது என்று ஒரு முறை பாருங்கள்.

அடுத்தது, எப்போது என்பதைக் குறித்து வைப்பது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். 1999ல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம்: 'உடற்பயிற்சி செய்வேன்' என்று நிறுத்திக்கொள்ளாமல் 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அந்த நேரம் வரும்போது மனதோடு மல்லுக்கட்டத் தேவையிருக்காது. என் பயிற்சியாளர் எனக்குக் கொடுத்ததும் இதே வழிதான். எங்கள் மேனேஜர் ஒவ்வொரு மீட்டிங்கையும் 'வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?' என்று கேட்டுத்தான் முடிப்பார். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் கையைத் தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். என்ன சொல்வது என்பதை முந்தைய நாளே ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வேன். கை தூக்கியாகிவிட்டால் அப்புறம் பின்வாங்க வழி இல்லை.

முதல் தடவை நான் சொல்ல வந்தது, மாத அறிக்கையில் ஒரு பகுதியின் தேதிகள் பழையவை என்பது மட்டும்தான். 'மாத' என்பதில் மாட்டிக்கொண்டேன். அறை முழுக்க என்னையே பார்த்தது. பக்கத்தில் இருந்தவர், உதவி செய்கிற நினைப்பில், 'மார்ச் மாசம் லீவு வேணுமா?' என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். திக்குகிறவர் பேசிக்கொண்டிருக்கும்போது தயவுசெய்து வாக்கியத்தை முடித்துக் கொடுக்காதீர்கள். பாதி நேரம் நீங்கள் தவறாகத்தான் முடிக்கிறீர்கள். சரியாக முடித்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அதற்குப் பிறகு அந்த வாக்கியம் எங்களுடையது இல்லை. 'மெதுவா பேசு', 'மூச்சை இழுத்து விடு' என்பதும் வேண்டாம். அதெல்லாம் நாங்கள் எத்தனையோ வருடமாகச் செய்துகொண்டிருப்பதுதான். காத்திருங்கள், முகத்தைப் பாருங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வேறு ஒன்றும் எங்களுக்குத் தேவையில்லை.

அன்றைக்கு நான் 'இல்லை' என்று தலையாட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். மேனேஜர் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று மாலை இருந்த நிம்மதி அதற்கு முன் எந்த வேலையை முடித்தபோதும் எனக்கு வந்ததில்லை.

எல்லா வாரமும் அப்படி நடந்ததா என்றால், இல்லை. சில வாரம் கை எழவில்லை. பழைய ஆள் என்றால் அதோடு நோட்டை மூடியிருப்பேன். இந்த முறை அப்படிச் செய்யாததற்குக் காரணம், தவறிய வாரத்துக்கு என்ன செய்வது என்பதும் எழுதி வைத்த திட்டத்திலேயே இருந்தது: அடுத்த வாரம் வழக்கம்போல ஒரு தடவை. தண்டனையாக இரண்டு தடவை என்பதெல்லாம் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் செய்த ஆய்வு இதற்கு ஆதரவாக இருக்கிறது. தினமும் செய்யும் ஒரு செயல் யோசிக்காமலே வரும் பழக்கமாக ஆவதற்கு 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடு அளவு 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்றும் கண்டார்கள். என்னுடையது வாரத்துக்கு ஒரு முறை என்பதால் அந்த எண் எனக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்கிற பயம் ஆதாரமில்லாதது.

'21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று பலர் சொல்வதை நம்பி, 22ஆவது நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த 21, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல் எழுதியதிலிருந்து வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக, குறைந்தது சுமார் 21 நாள் ஆவதைக் கவனித்தேன் என்றார். 'குறைந்தது' என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி ஆதாரமில்லாமல் பேசுபவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. அதே வருடம் எங்கள் அலுவலகத்துக்கு ஊக்கமூட்டும் பேச்சாளர் ஒருவரை அழைத்து வந்தார்கள். 1953ல் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் இலக்குகளை எழுதி வைத்திருந்தார்கள், 20 வருடம் கழித்துப் பார்த்தால் மீதி 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட அவர்களிடம் அதிகம் இருந்தது என்று உருக்கமாகச் சொன்னார். அப்படி ஒரு ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்து அதற்கான தடயமே இல்லை என்று யேல் தரப்பே சொல்லியிருக்கிறது. நான் கை தூக்கினேன். அது வாராந்திர மீட்டிங் இல்லை, என் தீர்மானத்தில் அதற்கு இடமும் இல்லை, கை தானாக எழுந்தது. 'யேல்' என்பதிலேயே நின்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே 'நேரம் இல்லை, பிறகு பேசலாம்' என்றார். நான் உட்காரவில்லை. சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இலக்கை எழுதி வைப்பது நல்லதுதான். அதைச் சொல்லப் பொய்க் கதை எதற்கு? அந்தக் கதையை நம்பி எழுதி, 20 வருடத்தில் பணக்காரர் ஆகாதவர் தன்னைத்தானே அல்லவா குறை சொல்லிக்கொள்வார்?

'ஒழுக்கம் இருப்பவனுக்குத் தேதி எதற்கு, இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டியதுதானே' என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். 'திக்குவாய்க் கதை சொல்லி அனுதாபம் தேடுகிறான்' என்றும் சொல்வார்கள். இரண்டாவதுக்கு என்னிடம் பதில் இல்லை, நினைப்பவர்கள் நினைக்கட்டும். முதலாவதுக்கு இருக்கிறது. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், வருடத் தொடக்கம், பிறந்தநாளுக்கு அடுத்த காலம் ஆகியவற்றில் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது கூடுகிறது. பழைய கணக்கு முடிந்தது, புதிதாக ஆரம்பிக்கலாம் என்ற உணர்வு மனிதர்களுக்கு இயல்பாக வருகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வதில் என்ன குற்றம்?

அந்த வருடக் கடைசியிலும் எனக்குத் திக்கியது. இதை எழுதும் இன்றைக்கும் திக்குகிறது. ஆனால் எங்கள் குழுவின் வேலையை வாடிக்கையாளர்கள் முன்னால் விளக்க யாரை அனுப்பலாம் என்ற பேச்சு வந்தபோது மேனேஜர் என் பெயரைச் சொன்னார். நான் போனேன், பேசினேன். என் பெயரைச் சொல்வதற்கு மட்டும் வெகுநேரம் ஆனது. அவர்கள் காத்திருந்தார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஏழெட்டு வேண்டாம், ஒன்று போதும். உங்கள் கையில் இருக்கிற செயலாக எழுதுங்கள், எது நடந்ததும் செய்வீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள், தவறினால் அடுத்து என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் சிரிப்பவர்களிடம் காட்ட வேண்டாம். நான் பயிற்சியாளரைத் தவிர ஒரே ஒரு சக ஊழியரிடம்தான் சொல்லியிருந்தேன், அதுவும் அவர் ஒரு முறைகூட என் வாக்கியத்தை முடித்து வைக்காதவர் என்பதால். இதை நீங்கள் படிக்கும்போது ஜனவரி 1 தாண்டிப் போயிருந்தால், அடுத்த திங்கட்கிழமை ஆரம்பியுங்கள்.