பேரப்பிள்ளைகளும் பூசை நேரமும்

கேள்வி: பூம்பாறையில் இருக்கிறேன். வயது 61. மகனும் மருமகளும் காலையிலேயே கொடைக்கானலுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். நாலு வயதுப் பேரனும் இரண்டு வயதுப் பேத்தியும் பொழுதுக்கும் என்னோடுதான். முன்பெல்லாம் கோயிலுக்குப் போய்வந்த பிறகுதான் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பேன். இப்போது விளக்கு முன்னால் கண்ணை மூடினால் பேத்தி முந்தானையை இழுக்கிறாள், பேரன் விபூதித் தட்டைக் கவிழ்க்கிறான். நேற்று ஆத்திரத்தில் அவனை அடித்துவிட்டேன். சாமியும் இல்லை, சந்தோஷமும் இல்லை என்று நாள் போகிறது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, முதலில் பேரனைக் கூப்பிட்டு, "அப்பத்தா அடிச்சது தப்புடா தங்கம்" என்று சொல்லிவிடுங்கள். நாலு வயதுக்கு அது நன்றாகவே புரியும். உங்கள் மனதை அறுப்பதில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இருப்பது குழந்தை வேலப்பர் ஊர். அந்தப் பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பூம்பாறைக்கு வந்த அருணகிரிநாதர் இரவு அங்கேயே படுத்துவிட்டார். அவரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தாள். முருகன் குழந்தையாக வந்து அவர் மேல் ஏறிக்கொண்டான். காவித்துணியும் மேலே பிள்ளையுமாகப் பார்த்தவள், யாரோ தாயும் குழந்தையும் தூங்குகிறார்கள் என்று திரும்பிப் போய்விட்டாளாம். அந்த அடியாருக்குக் காவலாக முருகன் எடுத்து வந்தது வேலாயுதத்தை அல்ல, குழந்தை உருவத்தை. உங்கள் மேல் ஏறி விழுகிற பேத்தியை நீங்கள் பூசைக்குத் தடை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் புலவர்களும் இதை அறிந்தவர்கள்தான். தெய்வத்தைக் குழந்தையாக்கி, அதன் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடியதுதான் பிள்ளைத்தமிழ். கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையில் வரச் சொல்வது வாரானை, நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவம் உண்டு. சிறுமிகள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்கிறது தெய்வக் குழந்தை. "சிதைக்காதே" என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். விபூதித் தட்டைக் கவிழ்க்கிறவனைப் பற்றி இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

அதனால் பூசையைப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்துக்கு இறக்குங்கள். கண்ணை மூட வேண்டாம். பேரன் பூ எடுத்துத் தரட்டும், பேத்தி மணி அடிக்கட்டும். விபூதியை அவன் கையாலேயே உங்கள் நெற்றியில் பூசச் சொல்லுங்கள். கொஞ்சம் மூக்கில் கொட்டும், கொட்டட்டும். தீப்பெட்டியும் எண்ணெயும் மட்டும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். முழுப் பாராயணம் இப்போதைக்கு வேண்டாம். சோறு ஊட்டும்போது ஒரே ஒரு பாட்டைத் தினமும் பாடுங்கள். கொஞ்ச நாளில் பேரன் அடியெடுத்துக் கொடுப்பான்.

பனி விலகி வெயில் விழுந்ததும் குல்லாயை மாட்டி இருவரையும் வாசலில் உட்காரவையுங்கள். நீங்கள் மலைப்பூண்டு உரிக்கும்போது சருகை ஊதிப் பறக்கவிடுவது அவர்கள் வேலை. அந்த நேரத்தில் வேறு எதையும் முடிக்க நினைக்காதீர்கள். சந்தோஷம் வராததற்குப் பெரிய காரணம், பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அவர்கள் இல்லாத நாளின் வேலை முழுவதையும் முடிக்கப் பார்ப்பதுதான்.

குறிஞ்சியைப் பற்றியும் சொல்லுங்கள். கடைசியாக 2018-இல் பூத்தபோது இவர்கள் இருவரும் பிறக்கவே இல்லை. 12 வருடக் கணக்குப்படி அடுத்து 2030-இல் பூக்கும். அது முருகனுக்கு உகந்த பூ என்பதை இவர்கள் அப்பத்தா வாயால் கேட்டிருக்க வேண்டும்.

இனி உங்கள் உடம்பு. 61 வயதில் இரண்டு வயதுக் குழந்தையை நாள் முழுக்க இடுப்பில் தூக்குவது லேசான காரியமல்ல. பக்தி குறைந்துவிட்டதாக நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி வெறும் அசதி. பேத்தி மதியம் தூங்கும்போது பேரனையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு நீங்களும் படுங்கள், பாத்திரம் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு இருக்கட்டும். நீங்கள் தனியாக வேலப்பரைப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் பிரகாரத்தில் உட்கார்ந்து வாருங்கள். இதைக் கேட்டு வாங்குவதில் வெட்கமே வேண்டாம். மகனிடம் இந்த வாரமே பேசுங்கள். பேசும்போது மருமகளும் கூட இருக்கட்டும். உங்கள் அசதி அவளுக்குத்தான் சட்டென்று விளங்கும்.