எல்லாம் ஸ்ட்ரிப்பில் வரும்போது கல்வம் எதற்கு?

கேள்வி: டி.பார்ம் (மருந்தாளுநர் பட்டயப் படிப்பு) முதலாண்டு படிக்கிறேன். மருந்தெல்லாம் கம்பெனியிலிருந்தே ஸ்ட்ரிப்பாகவும் பாட்டிலாகவும் வந்துவிடுகிறது. பிறகு ஏன் ஆய்வகத்தில் மணிக்கணக்காக எமல்ஷனும் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்த மருந்து) பொட்டலமும் செய்ய வைக்கிறார்கள்? வேலைக்குப் போனால் இது உதவுமா?

பதில்: உதவும். ஒரு மருத்துவரின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்வோம். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு ஸ்பைரனோலாக்டோன் (சிறுநீரைப் பெருக்கும் மருந்து), வேளைக்கு 2 மி.கி., பத்துப் பொட்டலம். உங்கள் அலமாரியில் இருப்பதோ 25 மி.கி. மாத்திரை. அதைக் கத்தியால் பன்னிரண்டாக நறுக்க முடியாது.

கல்வத்திலும் (மருந்து அரைக்கும் கிண்ணம்) தாளிலும் தூள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பன்னிரண்டு பொட்டலத்துக்குக் கணக்குப் போடுங்கள். தேவை 24 மி.கி. மருந்து. மாத்திரையை நிறுத்துப் பாருங்கள். எடை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். 150 மி.கி. என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத்திரையை மையாக அரைத்து, அதில் 144 மி.கி. தூள் எடுக்க வேண்டும். பொட்டலத்துக்கு 200 மி.கி. வீதம் மொத்தம் 2,400 மி.கி.; ஆக மீதி எடையை நிரப்பும் லாக்டோஸ் (பால் சர்க்கரை) 2,256 மி.கி.

லாக்டோஸை மொத்தமாகக் கொட்டிக் கலக்கினால் மருந்து ஒரு மூலையில் தங்கிவிடும். ஒரு பொட்டலத்தில் 5 மி.கி., இன்னொன்றில் ஒன்றுமே இல்லை என்று ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைத் தூள்தான். அதனால் 144 மி.கி. தூளோடு அதே அளவு லாக்டோஸ் சேர்த்து அரைக்க வேண்டும். பிறகு அந்தக் கலவையின் அளவுக்கு இன்னொரு பங்கு. இப்படி இரட்டித்துக்கொண்டே போக வேண்டும்.

தராசுக்கும் ஓர் எல்லை உண்டு. 6 மி.கி. வித்தியாசத்தைத்தான் உணரும் தராசில், 5 சதவீதப் பிழைக்குள் நிற்க வேண்டுமானால் 120 மி.கி.க்குக் குறைவாக நிறுக்கக் கூடாது (6 ÷ 0.05). மேலே 144 என்பதால் தப்பித்தோம். 30 மி.கி. தேவைப்பட்டால் 120 மி.கி. நிறுத்து, 360 மி.கி. லாக்டோஸோடு முறையாகக் கலந்து, அந்த 480-இல் 120-ஐ எடுங்கள். டிஜிட்டல் தராசு காட்டும் எண்ணை அப்படியே நம்பும் பழக்கம் இங்கேதான் உடைய வேண்டும்.

எமல்ஷன் கற்றுத் தருவது வரிசையை. விளக்கெண்ணெய் போன்ற நிலையான (ஆவியாகாத) எண்ணெய்க்கு எண்ணெய், தண்ணீர், கருவேலம்பிசின் 4:2:1. எண்ணெய் 16 மி.லி. என்றால் பிசின் தூள் 4 கிராம், தண்ணீர் 8 மி.லி. கல்வமும் எண்ணெய் அளக்கும் குவளையும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் பிசின் கட்டி தட்டும். எண்ணெயில் பிசினை இலேசாகக் கலந்ததும் 8 மி.லி. தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றி, ஒரே திசையில் வேகமாக அரையுங்கள். வெண்மையாகக் கெட்டிப்பட்டுச் சடசடவென்று சத்தம் வந்தால் சரி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். இந்தத் தோல்வியை ஒரு முறையாவது கையால் பார்ப்பது நல்லது.

செறிவைப் பற்றிய பாடம் உயிர் சம்பந்தப்பட்டது. 1998-இல் இங்கிலாந்தில் பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குப் பெப்பர்மின்ட் நீர் மருந்து தயாரிக்கப்பட்டது. சேர்க்க வேண்டியது இரட்டைச் செறிவு குளோரோஃபார்ம் நீர். சேர்த்ததோ அடர் குளோரோஃபார்ம் நீர். முன்னது சாதாரணச் செறிவைப் போல் 2 மடங்கு, பின்னது 40 மடங்கு. ஆக 20 மடங்கு அதிகம். குழந்தை இறந்துவிட்டது. தயாரித்தவர்களில் பயிற்சி பெற்றுவந்த ஒருவரும் இருந்தார். பெயர் ஒத்த இரண்டு பாட்டில்களின் லேபிளை எடுக்கும்போது, அளக்கும்போது, திரும்ப வைக்கும்போது என மூன்று முறை படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கல்வமே இல்லாத கடையிலும் இதே அறிவு தேவைப்படும். அமாக்ஸிசிலின் டிரை சிரப்பைக் கலக்கும்போது முதலில் பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்த்து, ஆறவைத்த கொதிநீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடு வரை நிரப்பிக் குலுக்க வேண்டும். ஒரேயடியாகக் கோடு வரை ஊற்றினால் நுரையும் தூள் கட்டியும் ஏமாற்றும். குலுக்கியதும் மட்டம் இறங்கும், மருந்து செறிவாகிவிடும். "பெரிய மாத்திரை, பொடித்துத் தரலாமா?" என்று கேட்பவருக்கு நீடித்து வெளியாகும் மாத்திரையையோ குடலில் கரையும் பூச்சுள்ள பான்டோப்ரசோலையோ பொடிக்கக் கூடாது என்று காரணத்தோடு சொல்ல, மாத்திரை எப்படி உருவாக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முன்னதில் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். பின்னது இரைப்பை அமிலத்தில் சிதையும்.

தயாரித்த மருந்துக்கு அசல் மாத்திரையின் காலாவதித் தேதியை எழுதிவிடாதீர்கள். தண்ணீர் சேர்ந்து, கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காத வாய்வழி மருந்துக்கு, வேறு ஆய்வுத் தரவு இல்லாவிட்டால், அமெரிக்காவின் மருந்துத் தர நூலான யு.எஸ்.பி.யின் 795ஆம் அத்தியாயம் தரும் அதிகபட்சம் ஃப்ரிட்ஜில் 14 நாள்.

அடுத்த ஆய்வக வகுப்பில் ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதுவதைவிட இதைச் செய்யுங்கள்: மாத்திரையின் பேட்ச் எண், நிறுத்த எடை, கணக்கு எல்லாவற்றையும் வேலை நடக்கும்போதே ஒரு தாளில் குறியுங்கள். அந்தக் கணக்கைப் பக்கத்து மேஜைத் தோழி உங்கள் விடையைப் பார்க்காமல் தனியாகப் போடட்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகே பொட்டலத்தை மடியுங்கள்.