கால் வலிக்கு மாத்திர வேணாம், பத்து நம்பர் ஸ்பேனர் போதும்: பைக் கேள்வி பதில்

போன இதழ்ல லாங் ரைடு கெளம்புறதுக்கு முன்னாடி டயரு, செயினு, பிரேக்குன்னு என்னென்ன பாக்கணும்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதத்துல பாதிக்கு மேல டயர விட்டுட்டு கால் வலியத்தான் கேட்ருக்கீங்க. சரி, இந்த தடவ முழுசா காலுக்கே.

கேள்வி (தாம்பரம் வாசகர்): அண்ணே, மாசம் ரெண்டு தடவ சென்னைலருந்து மதுரைக்கு பைக்லதான் போறேன். போன தீபாவளிக்கு நல்ல ரைடிங் பூட்ஸ் வாங்கினேன், அதுலருந்து விழுப்புரம் வர்றதுக்குள்ள இடது கணுக்கால் வலி உயிர் போகுது. பூட்ஸ் போகப்போக பழகிடும்னு கடைக்காரர் சொல்றார். பழகிடுமா?

பதில்: பழகாது தம்பி. அந்த பூட்ஸோட மூக்கு தடிமன் எவ்ளோ இருக்குன்னு பாருங்க, நீங்க முன்னாடி போட்டுட்டிருந்த கேன்வாஸ் ஷூவ பக்கத்துல வச்சு பாருங்க, புரிஞ்சிடும். கியர் லிவருக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவுல பழைய ஷூ நுழையற அளவுக்குத்தான் எடம் இருக்கு, இப்ப அதுல பூட்ஸ நுழைக்கணும்னா பாதத்த வெளிப்பக்கமா திருப்பி, முட்டிய லேசா தூக்கி, அப்புறம் நுழைக்கிறீங்க. 460 கிலோமீட்டர் பூரா ஒவ்வொரு கியருக்கும் இதே வேலைன்னா கணுக்கால் என்னத்துக்கு ஆகும்?

வண்டிய சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. அந்த பூட்ஸ மாட்டிக்கிட்டு ஏறி உக்காந்து, ரோட்ட பாக்குற மாதிரி நேரா பாத்துக்கிட்டு கால ஃபுட்ரெஸ்ட்ல உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி வைங்க, லிவர பத்தி யோசிக்கவே கூடாது. இப்ப குனிஞ்சு பாருங்க. பெருவிரல் நேரா லிவருக்கு அடியில போகணும், கணுக்கால மட்டும் அசைச்சா கியர் விழணும். முட்டி எழும்புதுன்னா லிவர் எறக்கமா இருக்குன்னு அர்த்தம், கீழ அமுக்கும்போது பாதம் ஃபுட்ரெஸ்ட்ட விட்டு எந்திரிக்குதுன்னா ஏத்தமா இருக்கு. உங்களுக்கு முதல் கேஸா இருக்கும், கொஞ்சம் ஏத்தணும்.

ஏத்துறது ரெண்டு விதம். லிவர் நேரா இஞ்சின்லருந்து வர்ற ஷாஃப்ட்லயே மாட்டியிருந்தா, அந்த ஷாஃப்ட்ல சுத்தி பல்லு பல்லா வெட்டியிருக்கும். பத்து நம்பர் ஸ்பேனர் போட்டு போல்ட்ட கழட்டுங்க, லூஸ் பண்ணா பத்தாது, முழுசா வெளிய எடுக்கணும், ஏன்னா பல வண்டில அந்த போல்ட் ஷாஃப்ட்ல இருக்குற பள்ளத்துக்குள்ள உக்காந்துதான் லிவர புடிச்சிட்டிருக்கும், அது தெரியாம சுத்தியலால தட்டி பல்ல மழுக்கிட்டு வர்றவங்க நெறைய பேரு. லிவர வெளிய இழுத்து ஒரே ஒரு பல்லு மேல தள்ளி மாட்டுங்க. ஒரு பல்லுக்கு நுனியில ஒரு விரக்கடை மாறும், அதனால மொதல்லயே ரெண்டு பல்லு போகாதீங்க.

இன்னொரு விதம், லிவர் ஃபுட்ரெஸ்ட் பக்கத்துல தனியா இருக்கும், அங்கருந்து ஒரு கம்பி இஞ்சினுக்கு போகும். இது இன்னும் சுலபம். கம்பியோட ரெண்டு முனையிலயும் லாக் நட்டு இருக்கும், அதுல ஒண்ணு இடது மறை, அதாவது வழக்கத்துக்கு மாறா சுத்தினாத்தான் கழலும், இது தெரியாம முறுக்கி ஒடச்சிடாதீங்க. ரெண்டையும் தளத்திட்டு கம்பிய அரை சுத்து, அரை சுத்தா திருப்பினா லிவர் ஏறும் எறங்கும். மறை ரெண்டு பக்கமும் நல்லா உள்ள இருக்கணும், நுனியில தொத்திக்கிட்டு நிக்கக்கூடாது. அப்புறம் நட்டு ரெண்டையும் இறுக்கிடுங்க. நீங்க குதிகாலால மிதிச்சு கியர் போடுற ரெண்டு பக்க லிவர் வச்சிருந்தா, முன்ன ஏத்தினா பின்ன எறங்கும், குதிகால்ல இடிக்குதான்னும் பாத்துக்கோங்க.

நட்டு இறுக்குறத ஏன் அழுத்தி சொல்றேன்னா, நான் பட்டிருக்கேன். பல வருஷம் முன்னாடி ராத்திரி அவசரத்துல லிவர மாத்தி மாட்டிட்டு, போல்ட்ட கையால திருகினதோட மறந்துட்டு கெளம்பிட்டேன். உளுந்தூர்பேட்டை தாண்டி கால கீழ விட்டா லிவரே இல்ல, எங்கயோ விழுந்துடுச்சு. கட்டிங் பிளேயர வச்சு ஷாஃப்ட்ட திருகி மூணாவது கியர்ல போட்டுக்கிட்டு, திருச்சி வரைக்கும் அதே கியர்ல மாட்டு வண்டி மாதிரி போனேன்.

இன்னொண்ணு, டூவீலருக்கு டோல் கெடையாதுங்கறதால பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டின்னு ஓரத்து லேன்லயே நிக்காம போயிட்டே இருக்கோம். காருக்காரனாவது வரிசைல நின்னு கால நீட்டுவான். 80, 100 கிலோமீட்டருக்கு ஒரு டீ குடிங்க, டீ வேணாம்னா சும்மாவாவது எறங்கி நடங்க.

கேள்வி (கோவை வாசகர்): என் உயரம் 6 அடி 1 அங்குலம். 150 சிசி வண்டி. ஒரு மணி நேரத்துல முட்டி புடிச்சுக்குது. ஃபுட்ரெஸ்ட்ட ரெண்டு இஞ்ச் எறக்குற பிளேட் ஆன்லைன்ல கெடைக்குது, போடலாமா?

பதில்: நான் போட மாட்டேன். முட்டி ரொம்ப மடங்குறதுதான் உங்க பிரச்சன, அதுக்கு சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவுல தூரம் வேணும், அவ்ளோதான். அந்த தூரத்த ஃபுட்ரெஸ்ட்ட கீழ எறக்கியும் எடுக்கலாம், சீட்ட மேல ஏத்தியும் எடுக்கலாம். கீழ எறக்கினா வளைவுல வண்டிய சாய்க்கும்போது ஃபுட்ரெஸ்ட் சீக்கிரமே தரைய தொடும், உங்க ஊர்லருந்து ஊட்டிக்கோ வால்பாறைக்கோ ஏறினீங்கன்னா ஒவ்வொரு கொண்டை ஊசியிலயும் தெரியும். மடங்குற ஃபுட்ரெஸ்டா இருந்தா மடங்கி தப்பிக்கும், பிளேட்டு மடங்காது. அதோட ஃபுட்ரெஸ்ட் எறங்கிடுச்சு, கியரும் பிரேக்கும் பழைய எடத்துலயே நிக்குது, அப்புறம் அதுங்களயும் எறக்கணும், அவ்ளோ தூரம் எறக்க அதுங்கள்ல எடம் பத்தாது.

சீட்ட ஏத்துங்க. உயரமான ஆளுக்கு சீட் ஒரு இஞ்ச், ஒண்ணேகால் இஞ்ச் ஏறினா கால் தரைக்கு எட்டாம போயிடாது. சீட் தைக்கிறவர்கிட்ட கழட்டி குடுத்து, கெட்டியான ஃபோம் வைக்க சொல்லுங்க, மெத்து மெத்துன்னு இருக்குறது வேணாம், அது ஒரு மணி நேரத்துல அமுங்கி மறுபடி பழைய உயரத்துக்கே வந்துடும். முன்னாடி டேங்க் பக்கம் சரிவா விட்டுட வேணாம்னும் சொல்லிடுங்க, இல்லன்னா பிரேக் புடிக்கும்போதெல்லாம் வழுக்கி டேங்க்ல போய் முட்டி நிப்பீங்க.

கேள்வி (சேலம் வாசகர்): யூட்யூப் பாத்து பின் பிரேக் பெடல நானே எறக்கினேன், பாதத்துக்கு சூப்பரா இருக்கு. ஆனா பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது. ஏற்காடு போயிட்டு வந்தா பின் டிஸ்க் தொட முடியாத அளவுக்கு சூடு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

பதில்: இருக்கு, இத படிச்சு முடிச்சதும் வண்டிய எடுக்காதீங்க, மொதல்ல சரி பண்ணுங்க. டிஸ்க் பிரேக்ல பெடலுக்கு பின்னாடி ஒரு கம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள்ள போய் பிஸ்டன தள்ளுது. கால எடுத்தா பிஸ்டன் முழுசா பின்னாடி வரணும், வந்தாத்தான் பிரேக் ஆயில் மறுபடி டப்பாவுக்கு போற சின்ன ஓட்ட தொறக்கும். நீங்க பெடல எறக்கினதுல அந்த கம்பி எப்பவும் உள்ள அமுங்கியே இருக்கு, பிஸ்டன் பாதி வழியிலயே நிக்குது, ஓட்ட மூடிக்கிச்சு. பேட் லேசா ஒரசும், சூடாகும், சூட்டுல ஆயில் பெருகும், போக வழியில்லாம அதுவே பேட இன்னும் அமுக்கும். ஏற்காடு மாதிரி 20 கொண்டை ஊசி எறங்குற ரோட்ல இப்படி ஆகி பின் வீல் பூட்டிக்கிச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம்.

பெடல பழைய உயரத்துக்கு கொண்டு வாங்க. பெடல கையால அமுக்கினா ஆரம்பத்துல துளி லூஸா வரணும், அப்புறம்தான் பிடிக்கணும். அந்த லூஸ் இருக்குற வரைக்கும் எவ்ளோ எறக்க முடியுதோ அதுதான் உங்க எல்லை, அதுக்கு மேல பாதம் கேட்டாலும் குடுக்காதீங்க. டிரம் பிரேக் வச்சிருக்கவங்களுக்கும் சேத்து சொல்றேன், பெடல் உயரத்துக்கு ஒரு ஸ்டாப்பர் போல்ட், பின் வீல் பக்கம் கம்பி நட்டு, ரெண்டும் வேற வேற வேல. போல்ட்ட தொட்டா நட்டையும் பாக்கணும். பெடல் நுனியில 20லருந்து 30 மில்லிமீட்டர் வரைக்கும் சும்மா அசையணும்.

லைட்டுக்கு, பெடல்லருந்து ஸ்பிரிங் போட்டு ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும் பாருங்க, அதோட உடம்ப புடிச்சிக்கிட்டு நட்ட மட்டும் திருப்புங்க, ஸ்விட்ச்சையே சுத்தினா ஒயரு முறுக்கி அறுந்துடும். எப்பவுமே எரியற பிரேக் லைட்டு ரொம்ப ஆபத்து, பின்னால வர்ற லாரிக்காரருக்கு நீங்க எப்ப நிக்கிறீங்கன்னே தெரியாது.

கேள்வி (கும்பகோணம் வாசகி): எல்லாரும் ஓட்டுறவங்களுக்கே சொல்றீங்க. நான் பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து வேளாங்கண்ணி போயிட்டு வந்தா இடுப்புலருந்து பாதம் வரைக்கும் மரத்துப் போகுது. எனக்கு என்ன வழி?

பதில்: நியாயமான கோவம் தங்கச்சி. ஒரு பக்கமா உக்காந்தா இடுப்பு முறுக்கியே இருக்கும், ரெண்டு காலும் சேலை கார்டுல இருக்குற அந்த ஒத்த கம்பியிலதான் நிக்கணும், பல வண்டில அது பாதத்தோட நுனி வைக்கக்கூட பத்தாது, கால் தொங்கிட்டே வரும், தொடைக்கு அடியில சீட் விளிம்பு அழுத்தும். மரத்துப் போறது அதனாலதான். கடைத்தெருவுக்கு சரி, அவ்ளோ தூரத்துக்கு சுடிதார் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருங்க. பின்னாடி உக்காருறவங்களுக்கு கால் வைக்க எடமும் புடிச்சுக்க பிடியும் இருந்தே ஆகணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123லயே இருக்கு, கம்பெனி குடுத்துருக்கும், வீட்டுக்காரர் அழகுக்காக கழட்டி வச்சிருந்தா மாட்ட சொல்லுங்க. சேலைதான் கட்டணும்னா கால் வைக்கிற அந்த கம்பிக்கு பதிலா அகலமான தகடு வச்சது கடையில கெடைக்குது, அத மாட்டி, 30 கிலோமீட்டருக்கு ஒரு தடவ எறங்குங்க. முந்தானைய மட்டும் நல்லா சொருகிக்கோங்க.

கேள்வி (ஓசூர் வாசகர்): லெக் கார்டுல ஹைவே பெக் மாட்டி கால முன்னாடி நீட்டிக்கிட்டு போறது நல்லதா?

பதில்: காலுக்கு சொகம்தான், நானும் ஆள் இல்லாத நேர் ரோட்ல அஞ்சு நிமிஷம் நீட்டுவேன். ஆனா கணக்கு பாருங்க, 80ல போகும்போது வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகுது. நாய் குறுக்க வந்தா நீட்டின கால மடக்கி பெடல தேடுறதுக்குள்ள ஒரு நொடி போயிடும். ஊர் வந்தாலோ மீடியன்ல கேப் தெரிஞ்சாலோ கால் பழைய எடத்துக்கு வந்துடணும். கால் முன்னாடி இருந்தா மொத்த வெயிட்டும் வால் எலும்புல உக்காரும், பள்ளத்துல எந்திரிச்சு நிக்கவும் முடியாது. அதுக்கு பதிலா ஃபுட்ரெஸ்ட்லயே பாதத்த மாத்தி மாத்தி வச்சு பாருங்க, கொஞ்ச நேரம் நடுப்பாதம், கொஞ்ச நேரம் விரலுக்கு பின்னாடி இருக்குற சதை. ஃபுட்ரெஸ்ட் ரப்பர் கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா மாத்துங்க, பெரிய செலவு இல்ல, வைப்ரேஷன் கொறையும். வண்டியில ஏறாதப்பவும் பாதம் மரத்துப் போகுதுன்னா என்கிட்ட வராதீங்க, போய் சுகர் டெஸ்ட் எடுங்க.

கேள்வி (மதுரை வாசகர்): விபத்துக்கு அப்புறம் வலது கணுக்கால் மடங்கல. பின் பிரேக்க கைக்கு மாத்த முடியுமா?

பதில்: முடியும்ங்கறதுக்கு ஆஸ்திரேலிய பைக் ரேஸர் மிக் டூஹன்தான் உதாரணம். 1992ல நெதர்லாந்துல இருக்குற அஸ்ஸென் ரேஸ் பிராக்டிஸ்ல விழுந்து வலது கால் நாசமாச்சு, இடது கைக்கட்டை விரலால அமுக்குற பின் பிரேக் வச்சுக்கிட்டு 1994லருந்து 1998 வரைக்கும் வரிசையா அஞ்சு தடவ 500 சிசி உலக சாம்பியன். ஆனா அது ரேஸ் டீம், பின்னாடி இஞ்சினியர் பட்டாளமே இருந்துச்சு. ரோட்டு வண்டில பிரேக்க மாத்தணும்னா ஆர்டிஓ அனுமதி வேணும், தெரு ஒர்க்‌ஷாப்ல ஒட்டுப்போட்டு ஓட்டாதீங்க. ரெண்டு பிரேக்கும் கையிலயே இருக்குற ஸ்கூட்டர ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, மதுரை டு கொடைக்கானல் ஸ்கூட்டர்லயும் ஏறும்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): அப்பாவோட பழைய புல்லட், கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். என்னோட புது வண்டி நேர் எதிர். மாத்தி மாத்தி ஓட்டும்போது கால் குழம்புது. கியர இடது பக்கம் மாத்திடலாமா?

பதில்: அந்த ஒண்ணு மேல மூணு கீழ கியரையும், குதிகாலால தட்டினா நியூட்ரல் விழுற அந்த குட்டி லிவரையும் கழட்ட உங்களுக்கு மனசு வருமா? அப்பாகிட்ட கேட்டீங்களா மொதல்ல? எடுத்த உடனே தெரு முனை வரைக்கும் மெதுவா போய் நாலு தடவ பிரேக் புடிச்சு பாருங்க, கால் தானா ஞாபகம் வச்சுக்கும். அவசரத்துல குழம்பினா முன் பிரேக் எப்பவும் வலது கையிலதான், ரெண்டு வண்டியிலயும்.